மூன்று வீத ஆரோக்கியத்தில் ஒரு நாவல்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மடிக்கணினி படுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கதையைக் கொப்பியில் பேனாவால் எழுதுகிறேன். ஆறு வருடமாக எழுதிய நாவல் அதற்குள் கிடக்கிறது. வேறெங்கும் பிரதி இல்லை. (உச்சுக் கொட்டுபவர்கள் முதலில் தங்கள் பிரதிகளைப் போய்ப் பார்க்கட்டும்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுன்னாகம் சந்தையின் வெங்காய வாசத்தினூடே ஒரு பெண், மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி...’

வேண்டாம். நான் அதைத் துணிப்பையில்தான் கொண்டுபோனேன்.

2.

கணினி திருத்தும் கடை ஷெரோனுடையது. கடற்கரைக் குருநகர்க்காரி, பேச்சில் உப்பு இருக்கும்.

“அக்கா, கோப்பெல்லாம் கிடக்கிற தட்டு, உங்கடை எஸ்.எஸ்.டி., அதின்ரை ஆரோக்கியம் நூற்றுக்கு மூண்டு வீதம்.”

“ஏன் பிள்ளை?”

“வாசிச்சால் தேயாது. எழுதினால்தான் தேயும். நீங்கள் அழிச்சு அழிச்செல்லே எழுதியிருக்கிறியள்.”

என்னை இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகரும் விமர்சித்ததில்லை.

யூ.எஸ்.பி.யால் கணினியைத் தொடக்கினால் கோப்புகளை எடுக்கலாமாம். ஆனால் பயோஸ், அதாவது கணினி கண் விழித்ததும் முதலில் ஓடுகிற நிரல், அதைத் தடுத்து வைத்திருந்தது. மாற்றப்போனால் கடவுச்சொல் கேட்டது.

“கழற்றி எடுக்க ஏலாதோ?”

“மதர்போட்டோடை ஒட்டினது அக்கா. கடவுச்சொல் போட்டு உதை ஆர் பூட்டினது?”

3.

பூட்டியவர் என் அண்ணை, கேதீஸ்வரன். வாங்கித் தந்தவரும் அவரே. தண்ணீர் மோட்டாருக்கும் பூட்டுப் போடுகிற மனிதர். அடுத்த வளவில் இருக்கிறார். வேலியில் நட்ட கதியால் தடிகள் ஒரு முழம் என் பக்கம் நகர்ந்த நாளிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை. நாவலைத் தொடங்கியதும் அந்தக் கிழமைதான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவர் பங்குக் கிணற்றில் விழுந்து சாகிறார். யாரும் தள்ளவில்லை, தானாகவே வழுக்கினார் என்று எழுதியிருக்கிறேன். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.

[இங்கே பாத்திரத்தில் சிக்கல். நாவலில் உள்ள அண்ணை என் அழைப்பை எடுக்கவே மாட்டார். இவர் இரண்டாவது மணியில் எடுத்தார்.]

“கடவுச்சொல்லைச் சொல்லமாட்டன்,” என்றார். “வந்து அடிச்சுத் தாறன்.”

4.

வந்தார். இடக்கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு அடித்தார். ஷெரோன் அமைப்பை மாற்றினாள். கோப்புகள் ஒவ்வொன்றாக இன்னொரு தட்டுக்குப் போகத் தொடங்கின, பெயரைத் திரையில் காட்டியபடி: கேதீஸ்வரன்_01, கேதீஸ்வரன்_02...

அண்ணை கண்ணாடியைப் போட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“உது நானோ?”

“பேர் மட்டும்தான் அண்ணை.”

“என்ன செய்யிறன்?”

“வேலியைத் தள்ளுறியள்.”

“பேந்து?”

“பத்தொன்பதிலை சாகிறியள். கிணத்திலை வழுக்கி.”

கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். “எங்கடை கிணத்திலையோ? அதின்ரை கட்டு நெஞ்சளவு உயரமெல்லே. எப்பிடி வழுக்கிறது?”

ஆறு வருடத்தில் நான் கவனிக்காத பிழை.

அப்போதுதான் திரை நின்றது.

“பத்தொன்பது மட்டும் வாசிக்குதில்லை அக்கா,” என்றாள் ஷெரோன். “அதை விட்டிட்டு மிச்சத்தை எடுக்கவோ? இல்லாட்டித் திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கவோ? இழுத்தால் தட்டு முழுக்கச் செத்தாலும் சாகும்.”

5.

முதலாம் முடிவு: விடு என்கிறேன். அண்ணை பிழைக்கிறார். ஆனால் இருபதாம் அத்தியாயம் முழுக்க அவருடைய செத்தவீடு. எப்படிச் செத்தார் என்று தெரியாமலே ஊர் கூடி அழும்.

இரண்டாம் முடிவு: இழு என்கிறேன். எல்லாம் போகிறது. அண்ணையும் தங்கையும் ஒரே பஸ்ஸில், பழங்கதை பேசிச் சிரித்தபடி...

பொய். எனக்கே திகட்டுகிறது.

நடந்தது இது. அண்ணை ஷெரோனிடம் சொன்னார்: “இழு பிள்ளை. நான் சாகிறது கிடக்கட்டும். ஆறு வருசமா இவளின்ரை அறையிலை லைற் எரியிறதை வேலிக்கு மேலாலை பாத்தனான். ஒண்டும் விடுபடக்கூடாது.”

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கிய வில்லனை மனிதர் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டார்.

“கணினி உங்கடை அக்கா,” என்றாள் ஷெரோன், விசையில் விரலை வைத்தபடி. “நீங்கள் சொல்லுங்கோ.”

என்னால் முடியவில்லை. விடவா, இழுக்கவா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாக. அண்ணை பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார்.