நூல் மாட்டாத இரும்பு

அதுவரை எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி இருந்ததில்லை. சுங்குவார்சத்திரத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லிலிருந்து அண்ணன் இளம்பரிதி அந்தப் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தபோது, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெரு முழுக்க நின்று பார்த்தது. எண்பத்தாறாம் வருடத்து வண்டி. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் பலகைத் தொட்டி. தொட்டிக்குள் எருக்கஞ்செடி முளைத்துப் பூத்திருந்தது.

"இன்னாடா, வண்டி வாங்கினியா, தோட்டம் வாங்கினியா?" என்றாள் அம்மா.

"சிரி, சிரி. ஓடும்போது நீதான் முன்னாடி குந்திக்கினு வரப்போற."

அண்ணனுக்கு ஒரகடத்தில் ஒரு லாரி கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை. மார்ச்சோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். குஜராத்தில் ஆள் எடுக்கிறார்கள், வேண்டுமானால் போகலாம் என்றான் ஏஜென்ட். அண்ணனுக்குப் போக மனமில்லை. எங்கள் பக்கம் தினமும் யாராவது ரூம் மாற்றுகிறார்கள். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, நாலு பெட்டி. அதை வாடகைக்கு ஏற்றி இறக்க இந்த வண்டி போதும். மார்ச்சுக்குள் ஆர்.சி. புதுப்பித்துவிட்டால் அண்ணன் எங்களோடு இருப்பான். இல்லையென்றால் குஜராத்.

எஞ்சினை இசக்கியப்பன் அண்ணன் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் வீட்டுப் பின்ரூமில் வாடகைக்கு இருந்தார். அதே கம்பெனியில் எஞ்சின் லைன். அவருக்கும் மார்ச்சோடு கான்ட்ராக்ட் முடிகிறது. வண்டி ஓடினால் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுவதாகப் பேச்சு.

நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள். வகுப்பில் எழுந்து நில் என்றால் எனக்குக் குரல் வராது. வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். அண்ணன் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் துரு தேய்க்க ஆள் தேவைப்பட்டது. கேட்டான். தலையாட்டினேன்.

தன்னுடைய பழைய பருத்திக் கையுறை ஒன்றை என் கையில் மாட்டிவிட்டான். "கம்பெனில நாங்க கண்ணால பாக்க மாட்டோம், எழிலு. கையாலதான் பாப்போம். இப்டி தடவிக்கினே போ. எங்கயாவது நூல் மாட்டுச்சுன்னா ரீவொர்க். மாட்டாம போற வரைக்கும் தேய்."

தேய்த்தேன். கதவு, மட்கார்டு, தொட்டியின் அடிப்பக்கம். தலைமுடியில் துரு, சோற்றிலும் துரு வாசனை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது அந்த மூன்று மாதம்தான்.

"தங்கச்சி, ஈ உக்காந்தா வழுக்கி வுழுந்துரும் போலுக்கே," என்பார் இசக்கி அண்ணன். நான் சுவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

ஒருநாள் வலது முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். அண்ணன் ஷிப்டில் இருந்தான். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நீளச் சட்டத்தில் கையை ஓட்டினேன். நூல் மாட்டியது. துருவுக்கும் கிரீஸுக்கும் அடியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒன்று எட்டு மாதிரி தெரிந்தது. பக்கத்தில் ஏழு மாதிரி ஒன்று. மில்லில் யாராவது உளியால் கொத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இசக்கி அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் பானட்டுக்குள் குனிந்திருந்தார். 'அண்ணா, இது என்ன?' மூன்றே சொல். வாய்க்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டேன்.

"தாயி, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு," என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மறுபடி அந்த மூன்று சொல்லும் வரவில்லை. கிரைண்டரைப் போட்டேன். அரைமணி நேரம். பிறகு பள்ளம் அடைய பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்து, பிரைமர் அடித்தேன். கையுறை கண்ணாடிமேல் போவதுபோல் போனது. அண்ணன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "எங்க சூப்பர்வைசர் பாத்தா உன்ன பர்மனென்ட் பண்ணிடுவான்டி," என்றான்.

வாழைக்குருத்துப் பச்சை அடித்தோம். பிப்ரவரி கடைசியில் நால்வரும் அதில் ஏறி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனோம். அம்மா முன்னால் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, "நல்லாப் பண்ணியிருக்கீங்கப்பா," என்றார். பிறகு வலது சக்கரத்தருகே மண்டியிட்டு, சட்டத்தின்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வண்டிக்கு அடையாளமாகச் சட்டத்தில் கொத்தியிருக்கும் சேசிஸ் நம்பர் இருந்தால் தாளில் அப்படியே பதிந்துவிடும். தாள் முழுக்க ஒரே கருப்பாக வந்தது. தள்ளிவைத்துத் தேய்த்தார். கருப்பு. சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். பட்டி உதிர்ந்து, அடியில் கிரைண்டர் கோடுகள் தெரிந்தன.

"நம்பர் எங்கப்பா?"

"அங்கதான் சார் இருக்கணும்..."

"துரு தின்னிருந்தா திரும்ப அடிக்க எழுதிக் குடுக்கலாம். இது தேய்ச்சு அழிச்சிருக்கு. திருட்டு வண்டிக்குத்தான் இப்டிப் பண்ணுவாங்க."

"மில்லுல வாங்கினது சார். ஆர்.சி. இதோ கீது சார்."

"உன்னப் பாத்தா அப்டித் தெரியல. ஆனா எழுத வேண்டியத நான் எழுதித்தான் ஆவணும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

கையுறையில் மாட்டிய அந்த எட்டும் ஏழும் எனக்கு நினைவுக்கு வந்தன. அம்மா முந்தானையால் கதவிலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் அண்ணன் இசக்கி அண்ணன் பக்கம் திரும்பினான். "ஸ்டீயரிங் பாக்ஸு அந்தப் பக்கம்தான கீது? நீதான அங்க வேல பாத்த?"

"ஏல, நான் சட்டத்தத் தொடவே இல்ல. எஞ்சின் நம்பருக்கு துணி சுத்திலா வச்சிருந்தேன்."

"எஞ்சினுக்கு சுத்தத் தெரிஞ்சுதுல்ல? இத எங்கையில சொல்லத் தெரிலயா? கூடவே இருந்து குடியக் கெடுத்துட்டியேடா."

இசக்கி அண்ணன் என்னைப் பார்த்தார். அன்றைக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டவர் அவர். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். என் வாய் திறந்திருந்தது. பஸ் வந்து நின்றது.

"சரி மாப்ள. நான்தான்னே வச்சுக்க," என்றவர் எங்களோடு பஸ்ஸில் ஏறவில்லை. இரண்டாம் நாள் ரூமைக் காலி செய்துவிட்டார்.

அண்ணன் குஜராத்துக்குக் கிளம்பிய காலையில்தான், ஏஜென்டின் வேனுக்குப் பக்கத்தில், எனக்குக் குரல் வந்தது.

"நான்தான்ணா தேய்ச்சேன். ஏதோ எழுத்து மாதிரி தெரிஞ்சுது. கேக்கல. இசக்கி அண்ணன் இல்ல."

அண்ணன் பையைக் கீழே வைத்தான். போனை எடுத்து இசக்கி அண்ணனுக்கு அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தான். வேனிலிருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"வண்டி போனா போவுது, எழிலு," என்றான். "அவன இன்னா பேச்சு பேசிட்டேன்." என் தலையைத் தொடக் கையைத் தூக்கியவன், தொடாமலே ஏறிக்கொண்டான்.

பென்னலூரில் ஏதோ ஹாஸ்டலில் இசக்கி அண்ணனைப் பார்த்ததாக யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் அங்கே போய் நிற்கிறேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் கேட்கிறேன். முதல் நாள் மூன்று பேரிடம் கேட்டேன். இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.

நேற்று ஒருவன் நின்று சிரித்தான். "இசக்கின்னா எங்கூர்ல தெருவுக்குப் பத்துப் பேரு இருக்கான். நீங்க எந்த இசக்கியத் தேடுதீய?"

"எஞ்சின் லைன்ல இருந்தவரு. எங்க அண்ணனோட கூட்டாளி."

"அப்பம் ஒங்க அண்ணன்ட்டயே கேக்கலாமேக்கா," என்று சொல்லிக்கொண்டே அவன் ரோட்டைத் தாண்டிப் போனான்.