ஐஸ் பெட்டிக்காரர்

விஜயபாண்டி புதுவீட்டில் பால் காய்ச்சியபோது எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். என் வீட்டை மட்டும் தாண்டிப் போனான். மறந்துபோய் அல்ல. என் வாசல் வந்ததும் தாம்பாளத்தைக் கை மாற்றிக்கொண்டு நடையை வேகமாக்கினான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அறுபத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

மறுநாள் குழாயடியில் பிடித்துக் கேட்டேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீக. நல்ல காரியம் நடக்குற எடம். நீங்க வந்து நின்னா சனம் ஒரு மாதிரி பாக்கும். சாப்பாட்ட வீட்டுக்கே குடுத்து விடுறேன்."

"ஏன்டா, நான் என்ன பொணமா?"

"அய்யய்யோ, ஒங்கள ஒண்ணும் சொல்லல மாமா. ஒங்க பெட்டியத்தேன் சொல்றேன்."

சாப்பாடு தூக்குச்சட்டியில் வந்தது. மூடியைக்கூடத் திறக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் அவன் புதுவீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தேன்.

பெட்டி என்றால் ஐஸ் பெட்டி. செத்தவர்களின் உடலைக் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. கம்பம் ஊரில் மின்வாரிய லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அழகுமலை என்ற பெயர் இப்போது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் நான் பெட்டிக்காரர்.

2004 மே மாத வெயிலில் என் மனைவி சங்கிலியம்மாள் இறந்தாள். மகள் மாரீஸ்வரி நாக்பூரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். தேனி வரை விசாரித்தும் ஒரு பெட்டி கிடைக்கவில்லை, எல்லாம் வேறு வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. ஐஸ் பாளங்களில் கிடத்தி மரத்தூளைக் கொட்டி இரண்டாம் நாள் காலை வரை பார்த்தோம். இனி தாங்காது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் வந்திறங்கிய மகள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா மூஞ்சிய ஒரு தடவ காட்டலையேப்பா!" அந்த வருடமே ஓய்வுப் பணத்தில் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கினேன். யார் வீட்டில் சாவு விழுந்து கேதம் ஆனாலும் நானே கொண்டுபோய் வைப்பேன். வாடகை கிடையாது.

உண்மையைச் சொன்னால், சங்கிலி போன பிறகு எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். திருப்பூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்த ஒருத்தி கண்ணாடிக்கு மேலே குனிந்து, "அப்பா தூங்குற மாதிரியே இருக்காக" என்று அழுவாள். நான் மூலையில் ஸ்டெபிலைசர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருக்கும்.

ஊர் சும்மா விடுமா? டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு அவசர வேலை வந்துவிடும். கல்யாணப் பத்திரிகை வருவது நின்றது. காய்ச்சலில் கிடந்த ஒரு சிநேகிதனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போனால், அவன் பெண்டாட்டி என்னைக் கண்டதும், "இன்னும் ஒண்ணும் ஆகல, நீங்க போங்க!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

கேத வீட்டிலாவது மரியாதை உண்டா என்றால், அங்கே பழக்கமே வேறு. உள்ளே வருகிறவனை யாரும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். கிளம்புகிறவனும் 'வர்றேன்' என்று சொல்லக்கூடாது. மறுபடி ஒரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதுவும் பெட்டிக்காரன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் கேட்கவே வேண்டாம். நாலு வருடமாக ஒரு சொல் இல்லாமல் நுழைந்து, ஒரு சொல் இல்லாமல் வெளியேறினேன். அதையெல்லாம் பொறுத்தேன். தூக்குச்சட்டியைத்தான் பொறுக்க முடியவில்லை.

தேனி அல்லிநகரத்தில் பெட்டி வாடகைக்கு விடுகிற ஞானதுரை என் பெட்டியைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போனைப் போட்டு, "எடுத்துக்கய்யா, எனக்கு வேணாம்" என்றேன். வியாழக்கிழமை தேனிக்கு அனுப்புவதாகப் பேச்சு. வழக்கமாகப் பெட்டியை ஏற்றுகிற குட்டியானை வண்டிக்கார இம்மானுவேலிடமும் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் விஜயபாண்டி என் வாசலில் நின்றான். இந்தத் தடவை தாண்டிப் போகவில்லை.

"மாமா, அப்பா போயிட்டாக."

அவன் அப்பா ஒச்சாண்டி. அடுத்தவனுக்குத் தீங்கு நினைக்காத மனுசன்.

"தம்பி காஷ்மீர்ல மிலிட்டரில இருக்கான். வியாழக்கெழம மத்தியானந்தேன் வந்து சேருவான். பெட்டி வேணும் மாமா."

"பெட்டி மட்டும் போதுமா, நானும் வரணுமா? சனம் ஒரு மாதிரி பாக்குமே?"

அவன் தலை குனிந்தான். கதவை அவன் முகத்தில் அறைந்து சாத்த வேண்டும் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! அவன் தம்பி முத்துக்குமரன், அன்று என் மகள் வந்ததுபோல, வழியில் எங்கோ வந்துகொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்து அதைக் கெடுத்தது. இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

வைத்துவிட்டு உடனே திரும்புவதாகத்தான் போனேன். விட்டார்களா? வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியின் மூடியைத் திறந்து கட்டிக்கொண்டு அழவேண்டும் என்கிறார்கள். ஒரு தடவை திறந்தால் உள்ளே இருக்கிற குளிர் அத்தனையும் வெளியே போய்விடும். அது இந்தச் சனத்துக்குப் புரிகிறதா? 2008ஆம் வருடம் அது. வேளை கெட்ட வேளையில் கரண்டு போகும். மைக்செட் கடையிலிருந்து ஜெனரேட்டரை எடுத்துவந்து நானே கம்பி இழுத்துக் கொடுத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"மூடியத் தொடாதீக! கண்ணாடி வழியாப் பாருங்க!"

"பொறந்த தங்கச்சி நானு. எங்கண்ணனத் தொடக்கூடாதா?"

"ஒங்கண்ணன் மகனும் பாக்க வேணாமா ஆத்தா? தள்ளி நில்லு!"

இரண்டு நாளும் தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினேன். விஜயபாண்டியின் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள் போகும்போதும் வரும்போதும் என்னை முறைத்தாள். முறைக்கட்டும். ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாள் மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் பூக்கிற ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு முத்துக்குமரன் வந்தான். தோள்பையைக் கழற்றாமல் நேராகப் பெட்டிக்கு வந்தான். இப்போது மூடியை நானே திறந்தேன். அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்து வெகுநேரம் கிடந்தான். எழுந்ததும் என்ன நினைத்தானோ, என் இரண்டு கைகளையும் எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டான். என் உள்ளங்கை நனைந்துவிட்டது.

அதன் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. குளிப்பாட்டினார்கள், கொட்டு அடித்தார்கள், ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். நானும் இம்மானுவேலும் பெட்டியை வண்டியில் ஏற்றினோம். ஸ்டெபிலைசரை எடுக்க மறுபடி உள்ளே போனேன். மொக்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் இன்னும் அந்த ஈரம் இருப்பதுபோல இருந்தது. சொந்த வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி என் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"அப்ப நான் போயிட்டு வர்றேன்த்தா."

ஒப்பாரி சட்டென்று நின்றது. கஸ்தூரியம்மாள் பாய்ந்து எழுந்தாள்.

"என்ன வார்த்த சொல்றீக பெட்டிக்காரரே! எழவு வீட்ல நின்னுக்கிட்டு வர்றேன்னா என்ன அர்த்தம்? இன்னும் யாரத் தூக்கிப் போடணும்னு வர்றீக? புதுவீடு கட்டி ஒரு மாசம் ஆகல, எல்லாம் ஒங்க கண்ணுதேன்!"

ஸ்டெபிலைசரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தப்பு என்னுடையது. நாலு வருடம் காத்த வாய் அன்றைக்குப் பார்த்து வழுக்கியிருக்கிறது. ஆனாலும் இரண்டு நாள் கண் விழித்தவனுக்கு இதுதானா என்று ரத்தம் கொதித்தது. கண்டபடி கேட்டுவிடுவதென்று வாயைத் திறந்தேன்.

"ஏய், சும்மா இருடி."

மொக்கம்மாள்தான். இரண்டு நாளில் அவள் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

"அவரு சரியாத்தேன் சொல்லிருக்காரு. எனக்கும் அவருதேன வரணும்? நாளைக்கு நான் கண்ண மூடுனா எம்மகன் எந்த மலையில நிக்கிறானோ. அவன் வந்து பாக்குற மட்டும் என்னய யாரு வச்சிருப்பா, நீயா?"

மொக்கம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து என் எதிரே வந்து நின்றாள். புருசன் போன வீட்டில் எந்தப் பெண்ணும் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"வாங்கண்ணே. எனக்கு நீங்கதேன் வரணும். அது வரைக்கும் நல்லா இருங்க."

"அவசரப்படாத்தா" என்று முனகிவிட்டு, அழுவதை அந்தப் பெண்கள் பார்த்துவிடாமல் வெளியே வந்தேன். என்னை ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள். அதுவரைக்கும் உயிரோடு இருக்கச் சொல்லியிருக்கிறாள். சங்கிலி போன பிறகு நான் இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

இம்மானுவேல் வண்டியைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தான்.

"நேரா தேனிக்குத்தான அண்ணே?"

"ஏலே, ஒனக்குக் கூறு இருக்கா?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும். "தேனியில எவன்டா இருக்கான் எனக்கு? வண்டிய வீட்டுக்கு விடு!"