தொட்டுக்க மோர்மிளகாய்

நின்று நின்று ஷர்மினிக்குக் கெண்டைக்கால் இரண்டும் விறகுக்கட்டையாய் இறுகிப்போயிருந்தன. பினாங்கு ஜார்ஜ் டவுன் பாரில் கிளாஸ் கழுவுகிறவள் அவள். புதிதாய் வந்த ஜின்னில் முதலாளிக்குப் பிடித்த மாதிரி ஒன்று கலந்துவிட்டால் கவுண்டர் வேலை, இல்லாவிட்டால் பழையபடி கழுவல்தான்.

அந்த ஜின்னோ இனிப்புக்கு மசியாத ரகம். ஆலிவும் ரோஸ்மேரியும் போட்டு வடித்தது. நாக்கில் உப்பும் பச்சிலையும்தான் நிற்கும். ஷர்மினி அதில் தேன் விட்டாள், அன்னாசிச் சாறும் விட்டாள். ஃபேக்டரி முடிந்து எட்டிப் பார்த்த அக்கா கோகிலா ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி, இருமல் மருந்தா? இதுக்கு எதுக்குச் சீனி? சும்மா ஐஸும் சோடாவும் போடுலா. தொட்டுக்க என்ன வச்சிருக்க?"

"பார்ல தொட்டுக்கவா? மானத்த வாங்காதக்கா!"

கோகிலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, ஷர்மினி ஐஸும் சோடாவும் மட்டும் விட்டுக் கொடுத்த ஜின்னைக் குடித்தாள். கண்ணை மூடிச் சிரித்தாள். ஷர்மினியும் கடித்தாள். மிளகாயின் புளிப்பு பட்டதும் ஜின்னின் பச்சிலை வாசம் குப்பென்று எழுந்தது.

முதலாளியும் வந்து கடித்தார், குடித்தார், இன்னொரு கிளாஸ் கேட்டார். "சனிக்கிழமையிலிருந்து நீயே ஊத்து. இந்த மிளகாய் ஒரு டின் கொண்டுவா" என்றார் மலாயில்.

அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"ஒரு டின் போட்டுருவியாக்கா?"

"எனக்கு எங்கடி போடத் தெரியும்? பக்கத்து வீட்டு சிவகாமிக்கா கிட்ட கைமாத்தா வாங்கினதுடி!"

சிவகாமிக்கு ஒரு கிண்ணம் மோர்மிளகாய் இன்னும் பாக்கி.