ஒரே பலகையில் இரண்டு துளைகள்

1

இந்தக் கதையை என்னிடம் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டுக்காரி. “எங்க அண்ணன் பண்ணின காரியத்தைக் கேளுங்கக்கா, நீங்க எழுதுறதுக்குன்னே நடந்த மாதிரி இருக்கு. அண்ணிக்காகப் போட்டியையே விட்டுக் கொடுத்துட்டார்.” குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள் நான். ஆசையாகத்தான் கேட்க உட்கார்ந்தேன். கேட்டு முடித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

2

முதல் தொடக்கம்: ‘தொலைதூரத் துப்பாக்கி சுடும் மைதானத்தில் கணவனும் மனைவியும் அருகருகே குப்புறப் படுத்திருந்தார்கள். தென்றல் அவள் கூந்தலை...’

(அடித்துவிட்டேன். அங்கே வீசியது தென்றல் இல்லை. முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பலகைக்குக் குண்டு போய்ச் சேர்வதற்குள் அதை ஒரு முழம் ஒதுக்கிவிடுகிற காற்று. அந்தக் காற்றைப் படிப்பதுதான் இந்த விளையாட்டில் பாதி.)

இரண்டாவது தொடக்கம்: அவள் பல் டாக்டர், அவன் வக்கீல். ஆண், பெண் என்று பிரிக்காத போட்டி. அணியில் காலியாக இருந்தது ஒரே இடம். அவள் காற்றைக் காட்டும் கொடிகள் சாய்வதைப் பார்த்து, கணக்குப் போட்டுச் சுடுவாள். உடனே பலகையைக் கீழே இறக்கி, துளையில் ஓர் அடையாள வில்லையைச் செருகி மேலே ஏற்றுவார்கள். அவன் தன் துப்பாக்கியில் பொருத்திய தொலைநோக்கியை அவள் பலகையை நோக்கித் திருப்பிவைத்துக்கொண்டு காத்திருப்பான். காற்று அவள் குண்டை எவ்வளவு தள்ளியது என்று தெரிந்த பிறகுதான் தன் பலகைக்குத் திரும்பிச் சுடுவான்.

விதிப்படி தப்பில்லை. அதுதான் எரிகிறது.

3

கடைசிக் குண்டு. இருவரும் சமம். காலையில் காற்று அசையாத நேரத்தில் சுட்டு முடித்த ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.* அவரைத் தாண்ட இருவருக்குமே பத்துப் புள்ளி வேண்டும். முடிவு மணி நெருங்கிவிட்டது. அவள் சுட்டாள். வில்லை ஏறும்வரை காத்திருக்க அவனுக்கு நேரமில்லை. பதற்றத்தில் விசையை அழுத்தினான். துப்பாக்கியும் தொலைநோக்கியும் இன்னும் அவள் பலகையைத்தான் நோக்கியிருந்தன.

அவன் பலகை துளையில்லாமல் சுத்தமாக மேலே வந்தது. அவள் பலகையில் இரண்டு துளைகள். ஒன்று நட்டநடுப் பத்து, இன்னொன்று ஓரத்து ஏழு.

“ரெண்டும் ஒரே அளவுக் குண்டு மேடம். எது உங்களுதுன்னு பிரிக்க முடியாது” என்றார் நடுவர். “பலகை உங்களுது. அதிகப் புள்ளியை எடுத்துக்கலாம். வேண்டாம்னா இன்னொண்ணு சுடலாம்.”

பின்னாலிருந்து அவன் தங்கை, என் பக்கத்து வீட்டுக்காரிதான், கைதட்டினாள். “அண்ணா! அண்ணிக்குப் பத்தையே தூக்கிக் குடுத்துட்டியே!”

கூட்டம் சிரித்தது. “புருஷன்னா இப்படி இருக்கணும்பா” என்றது ஒரு குரல்.

அவன் மறுக்கவில்லை. வெட்கப்படுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டான்.

(* யார் எப்போது சுடுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். அது அதிர்ஷ்டம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காற்றின்மேலும் இல்லை.)

4

அவள் எழுந்தாள். “வேணும்னேவா சுட்டீங்க?”

“இப்ப எதுக்கு அதெல்லாம்? எப்படியோ அந்த இடம் நம்ம வீட்டுக்குத்தானே வருது.”

“காலையிலேர்ந்து என் வில்லையைப் பார்க்காம நீங்க ஒரு குண்டு சுடலை. இதை மட்டும் பார்க்காமயே நடுவுல போட்டுட்டீங்களாக்கும்?”

“எல்லாரும் பார்க்கிறாங்கம்மா. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கோயேன்.”

(எழுதுகிறவளுக்காவது எந்தத் துளை யாருடையது என்று தெரிய வேண்டாமா என்பீர்கள். தெரியாது. குருட்டாம்போக்கில் சுட்டாலும் பத்து விழும், அருமையாகக் கணித்த குண்டும் ஏழுக்குப் போகும். ஆனால் பத்து அவனுடையது என்று அந்தக் கூட்டத்துக்கு மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது? அங்கேதான் எனக்கு...)

5

மறுபடி சுட்டு அவள் பத்து அடிப்பதாக எழுதிப் பார்த்தேன். நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். கிழித்துப் போட்டேன். ஒருமுறை சுட்டதை அவள் ஏன் இன்னொருமுறை நிரூபிக்க வேண்டும்? அவன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினேன். என் வழக்கமான முடிவு அது. அவன் மூஞ்சிக்கு ஒட்டவேயில்லை.

அவள் துப்பாக்கியிலிருந்த காலித் தோட்டாவை வெளியே தள்ளினாள். “பத்துன்னு போடுங்க சார். அது என் பத்து. சந்தேகம்னா அவரையே கேளுங்க, எதைப் பார்த்துச் சுட்டார்னு.”

நடுவர் அவன் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. பதற்றத்தில் பலகை மாறிவிட்டது என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவன் வாயைத் திறக்கிறான்.

இனி இவனுக்காக நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். ஆனால் ‘அவளுக்காகத்தான்’ என்று தொடங்குவதாக இருந்தால், தயவுசெய்து என் கதையைவிட்டு வெளியே போய்விடுங்கள்.

அவன் சொன்னான்: “