ஏழாவது மாற்றம்

என்ன வேலை என்று வெளியாட்கள் கேட்டால் ‘கேம் டிசைனர்’ என்று கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். மனைவியின் தம்பி மட்டும் என்னை ‘ஜெராக்ஸ் மாமா’ என்பான். அவன் சொல்வதுதான் சரி.

பச்சை ஹெல்மெட், மஞ்சள் மஃப்ளர், முதுகில் ஏணி. உலகத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஹீரோவைத்தான் ஃபோனில் ஓடவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனைப் பெற்றது ஒரு பெரிய கம்பெனி. அவனுடைய டூப்ளிகேட்டுகளைப் பெற்றது நான். நீல ஹெல்மெட், சிவப்பு மஃப்ளர், ஏணிக்குப் பதில் மண்வெட்டி என்று இதுவரை பத்துப் பேர்.

எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரிஜினலிலிருந்து சரியாக ஏழு மாற்றம். ஆறோடு நிறுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரும். எட்டுக்குப் போனால் பிள்ளைகள் ஏமாந்து டவுன்லோட் செய்ய மாட்டார்கள் என்பது முதலாளியின் சித்தாந்தம். ஏழையும் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நான் மவுஸைத் தொடலாம்.

பதினோராவது டூப்ளிகேட்டுக்கு ஆறு மாற்றம் வந்துவிட்டது. மண்டையைக் குடைந்தும் ஏழாவது வரவில்லை. கடைசியில் லிஃப்ட் பக்கத்தில் இருந்த தண்ணீர் கேன்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, வராந்தாவில் நானே ஓடினேன். இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி, வலது கையால் சட்டைப் பையை அமுக்கிக்கொண்டு ஓடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பை காலியாக இருந்தாலும் கை தானாக அங்கே போய்விடும். அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஹீரோவின் ஓட்டத்தை ஏழாவதாகத் தாளில் வரைந்தேன்.

“என்னய்யா இது, நெஞ்சு வலிக்காரன் மாதிரி ஓடுறான்?” என்றார் முதலாளி. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

கேம் பிய்த்துக்கொண்டு போனது. எங்களைப் போலவே நகலெடுத்துப் பிழைக்கும் இன்னொரு ஆபீஸ் அதை நகலெடுத்தது. நிறத்தையெல்லாம் மாற்றியவர்கள் ஓட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்ததே கோபம்!

“மனசாட்சி இல்லாத திருட்டுப் பசங்க” என்று சாப்பிடும்போது கத்தினேன்.

“யாரு சொல்றதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?” என்றாள் மனைவி.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. போன மாதம் ஒரிஜினல் கம்பெனியே புது கேமை வெளியிட்டது. அதே பச்சை ஹெல்மெட், அதே ஏணி. ஆனால் ஹீரோவின் வலது கை நெஞ்சுப் பக்கம், இடது கால் வெளியே. ஹெல்மெட் மாட்டிய நான்!

மனைவியிடம் ஃபோனை நீட்டினேன்.

“ஐயய்யோ, நீங்க பஸ்ஸுக்கு ஓடுற மாதிரியே இருக்கே!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கண்ணிலும் வந்தது, ஆனால் சிரிப்பால் இல்லை. இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருஷத்தில் ஒன்றே ஒன்றாவது கிடைத்ததே என்று இருந்தது.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன்.

“சார், அந்த ஓட்டம் என்னோடது. நான் ஓடினது. அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதணும். ஒரு ஓரமா என் பேரைப் போட்டாப் போதும்.”

“என்னன்னு எழுதறது? உங்களைக் காப்பி அடிச்ச எங்களை நீங்க காப்பி அடிச்சிட்டீங்கன்னா? நாமளே போய் மாட்டிக்கவா?” என்றார். “அதுவும் உன்னோடதாம்! நீயே எங்கேர்ந்தாவது சுட்டிருப்பே. மத்ததெல்லாம் அப்படித்தானே?”

பத்து டூப்ளிகேட் செய்தவன் பதினோராவதில் யோக்கியன் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

“அதை விடு. பன்னிரண்டாவதை ஆரம்பி” என்று ஒரு தாளை நீட்டினார். இந்தத் தடவை ஏழையும் அவரே எழுதியிருந்தார். முதல் வரி: ஓட்டம்.

“சார், எப்பவும் ஹெல்மெட்தானே முதல்ல?”

“இப்பல்லாம் பிள்ளைங்க அவனை ஓட்டத்தை வெச்சுத்தான்யா கண்டுபிடிக்குதுங்க. வக்கீலும் அதைத்தான் முதல்ல பாப்பான். வா, வேற மாதிரி ஓடு. நானே வீடியோ எடுக்கறேன்.”

வராந்தாவில் ஓடினேன். கையைத் தொங்கவிட்டு ஓடினால் நாலாவது அடியில் அது பைக்குப் போய்விட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினால் கால் வெளியே வீசியது. காலையே பார்த்துக்கொண்டு ஓடியதில் சுவரில் மோதினேன். பக்கத்து ஆபீஸ்காரர்கள் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒன்பது தடவை ஓடியதில் எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

முதலாளி ஒன்பது வீடியோவையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“எத்தனை தடவை ஓடினாலும் அவனையே காப்பி அடிக்கிறியே. உனக்குன்னு சொந்தமா ஒரு ஓட்டம் கிடையாதாய்யா?”