மயில் நின்ற இடம்

டிரிங்... என்று தலைக்கு மேலேயே மணி அலற, ஏணியில் நின்ற வீரமலைக்குக் கை ஆடிவிட்டது, நல்லவேளை, பிரஷ் மயிலின் கொண்டையில் இருந்தது, கொண்டையில் ஒரு இழை கூடினால் யார் கேட்கப் போகிறார்கள், ஆனால் இடைவேளை மணி ஆயிற்றே, பிள்ளைகள் வருவார்கள், இளவேனிலும் வருவாள்... பெற்ற மகள் வருகிறாள் என்று ஒரு தகப்பன் பயப்படுவானா? காலையில் ஜீயபுரத்தில் பஸ் ஏறும்போது இவர்தான் சொன்னார், ஸ்கூல்ல உன்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன் கண்ணு என்று. ஏம்ப்பா அப்படிச் சொல்றீங்க என்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார். அவளோ ஜன்னலைப் பார்த்தபடி, சரிப்பா என்றுவிட்டாள். மன்னார்புரம் வந்து இறங்கியும் அந்தச் 'சரிப்பா' செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி...

போகட்டும், சுவரைப் பார்ப்போம். வேதியியல் லேப் சுவர் முழுக்கத் தனிம அட்டவணை, நூற்றுப் பதினெட்டுக் கட்டம். இளவேனில் ஸ்கேல் வைத்து வரைந்து கொடுத்த தாள் சட்டைப்பையில் இருக்கிறது, அதில் மேல் மூன்று வரிசையிலும் நடுவில் ஒரே பொட்டல், ஒன்றாம் நம்பர் ஹைட்ரஜன் இந்தக் கோடியில், இரண்டாம் நம்பர் ஹீலியம் அந்தக் கோடியில், இதென்ன கூத்து? ஸ்ரீரங்கத்துப் பூக்கடை போர்டில் நாலு விரல் இடம் விட்டதற்கு, என்னண்ணே இவ்வளவு வழுக்கை என்று கடைக்காரர் கேட்டது மறக்குமா, அன்றிலிருந்து இவர் சுவரில் வழுக்கையே கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டங்களை இடதுபக்கம் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, வலதுபக்கம் மிஞ்சிய இடத்தில் ஒரு மயில்.

பிள்ளைகள் பின்தொடர கமலினி டீச்சர் வந்தார். மயில் அழகா இருக்குண்ணே என்றார், அப்புறம் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்... "நியானும் ஆர்கானும் ஏண்ணே இரும்புக்குத் தலைமேல உட்கார்ந்திருக்கு?"

"எட்டு, ஒம்பது, பத்துன்னு நம்பர்படிதானே மிஸ் எழுதியிருக்கேன்?"

"நம்பர் சரிதான். ஆனா ஒரே குணம் உள்ளதெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வரணும். ஹீலியம், நியான், ஆர்கான், மூணும் எதோடயும் லேசுல ஒட்டாது, அதுங்க வலது கோடியில நிக்கணும். அதுக்குத்தான் நடுவுல இடம் விடறது. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ணே."

மயிலுக்கு என்ன நம்பர் மிஸ் என்றான் ஒருவன், சிரிப்பு அலையாய்ப் பரவியது. வீரமலை ஏணியை விட்டு இறங்கவில்லை. கீழே பார்த்தால் மகள் முகம் தெரிந்துவிடும், பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று, ஒட்டாத வாயு மாதிரி நின்றுவிட்டுப் போகலாம், அவளுக்கும் அதுதானே வேண்டியிருக்கிறது... எதைப் பார்த்து எழுதினீங்க, அந்தத் தாளைக் கொடுங்க பார்ப்போம் என்று டீச்சர் கை நீட்டினார். பொட்டலைக் கூடக் கட்டம் எண்ணி விட்டிருந்தாளே பிள்ளை, இவருக்குத்தான் புத்தி எங்கே போயிற்று? கை தானாகச் சட்டைப்பையை அழுத்திக்கொண்டது, எடுக்க வரவில்லை. அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், காலையில் பஸ்ஸில் கேட்ட அதே குரல்.

"மிஸ், வரைஞ்சு கொடுத்தது நான்தான், இடம் விட மறந்துட்டேன். எங்கப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க."