ஆறாம் வகுப்பில் காய வேண்டிய பாவாடை

பாகலூர் லைன் வீடுகளின் பொதுக்கொடியில் அஸ்பியாவின் சீருடை நான்கு ஆண்டுகளாகக் காயவில்லை. அடுத்த வீட்டுக் கவிப்ரியாவின் சீருடையும் சென்ற ஆண்டு வரை ஈரமாகவே தொங்கியதால், அஸ்பியாவின் தாய் காத்தூன் இதைப் பெரிதாக எண்ணவில்லை. இந்த ஆடியில் கவிப்ரியாவின் பாவாடை மட்டும் வைத்த தேநீர் ஆறுவதற்குள் காய்ந்தது. விசாரித்ததில் காரணம் தெரிந்தது. இருவருமே நான்காம் வகுப்பு. ஆனால் நீர் ஆவியாகும் பாடம் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பிலும், அஸ்பியா படித்த ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலும் இருந்தது.

ஈரச் சீருடையோடே பள்ளிக்குப் போய்வந்த அஸ்பியாவுக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவிலிருந்த கௌஸ் மொய்தீன், மகளின் பாவாடையை மறைத்து எடுத்துச்சென்று உலர்த்தும் அடுப்பில் வைத்தார். பெயின்ட் அடித்த கார் கதவுகள் காய்ந்தன. பாவாடை சொட்டிக்கொண்டே வெளியே வந்தது. காத்தூன் பள்ளி முதல்வரிடம் போய் நின்றாள்.

“அந்த ஒரு பாடத்த மட்டும் முன்னாடியே நடத்திருங்க மேடம். புள்ளைக்கு ஜொரம் விடவே மாட்டேங்குது.”

“போர்ஷன மாத்த முடியாதும்மா. ஆறாவதுல தானா காஞ்சிரும்.”

கவிப்ரியாவின் தாய் ஜோதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “எங்க ஸ்கூல்ல சேத்துடு காத்தூனு.”

“இங்கிலீசு ஸ்கூலுன்னு அவரு சொந்தக்காரங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறாரே அக்கா.”

“பீத்திக்கிறவரையே அந்தப் பாவாடையக் கட்டிக்கச் சொல்லு.”

மறுநாள் காத்தூன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கினாள். அரசுப் பள்ளியில் அஸ்பியாவின் பெயரை எழுதி முடித்ததும், பாவாடையிலிருந்த நான்கு ஆண்டு நீரும் ஒருசேர ஆவியாக எழுந்து தலைமையாசிரியையின் கண்ணாடியை மங்கச் செய்தது. அவர் அதைத் துடைத்து மாட்டிக்கொண்டு பிறந்த தேதியைக் கேட்டார்.

வெளியே வந்தபோது காலை வெயிலில் காத்தூனின் நிழலும் உடன்வந்த ஜோதியம்மாளின் நிழலும் மட்டுமே விழுந்தன. அவள் மகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நெழலு எங்களுக்கு அஞ்சாவதுல வருது,” என்றாள் ஜோதியம்மாள். “கவிப்ரியாவுக்கும் இன்னும் இல்லியே, நீ பாத்ததில்லியா?”

காத்தூன் மகளின் நெற்றியில் கைவைத்தாள். குளிர்ந்திருந்தது.

“அஞ்சாவதுதானே, வரட்டும்,” என்று சொல்லி, அஸ்பியாவைத் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.